தசை வளரும் நேரம்

மும்பை நகரின் தாராவியில், பகல் வேலை முடிந்து பட்டறைகள் அடங்கிய பின்னரே உடற்பயிற்சிக் கூடங்கள் நிரம்புகின்றன. தோற்பை தைத்தவரும், துணி வெட்டியவரும், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து மூட்டை கட்டித் தூக்கியவரும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அங்கு வந்து இரும்புப் பளுக்களை எடுக்கின்றனர். பாலுக்கும் முட்டைக்கும் ஊறவைத்த கொண்டைக்கடலைக்கும் ஆகும் செலவை அவர்கள் நன்கு அறிவர். எத்தனை கிலோ தூக்கப்பட்டது, எத்தனை முறை தூக்கப்பட்டது என்பதற்கும் கணக்கு உண்டு. உறங்கியது எத்தனை மணி நேரம் என்பதற்கு மட்டும் கணக்கு வைக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. உடலியல் விஞ்ஞானத்தின்படி, விடுபட்டுப்போன இக்கணக்கு மற்ற இரண்டிற்கும் குறைந்ததன்று.

பளு தூக்கி முடித்த கணத்தில் தசை வலுப்பெற்றிருப்பதில்லை. முன்னிருந்ததைவிட வலுக் குன்றியே இருக்கும். கை சற்றுப் பருத்துக் காணப்படுவது இரத்தமும் நீரும் அங்கே மிகுதியாகப் பாய்வதால் நேர்வது. சிறிது நேரத்தில் அது வடிந்துவிடும். உண்மையான வளர்ச்சி பின்னர், பயிற்சியாளர் கூடத்தை விட்டு வெளியேறி, உண்டு, உறங்கும் வேளையில் நிகழ்கிறது. தாராவியின் கும்பார்வாடாவில் மண்பாண்டம் செய்வோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். திரிகையில் உருப்பெற்ற பானையை அப்படியே சூளையில் இட்டால் அது வெடித்துவிடும். நிழலில் உலரும் நேரமும் பானை செய்யும் வேலையின் ஒரு பகுதியே.

தசையில் நடப்பது என்ன?

மனித உடலில் 600க்கும் மேற்பட்ட தசைகள் உள்ளன. வளர்ந்த ஆணின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் எலும்போடு இணைந்த தசைகளின் எடையே. ஒவ்வொரு தசையும் மெல்லிய இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழைக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் இருவகைப் புரதங்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. இவை ஒன்றின்மீது ஒன்று சறுக்குவதாலேயே தசை சுருங்குகிறது என்பதை 1954இல் இரு ஆராய்ச்சிக் குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்டன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கும், மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் பணியாற்றினர். இரு ஹக்ஸ்லிகளும் உறவினரல்லர்.

இப்புரதங்கள் ஒருமுறை அமைந்து நிலைத்து நிற்பவை அல்ல. நாள்தோறும் தசைப் புரதத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை சிதைந்து, அதே அளவு புதிதாக உண்டாகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை தசை அப்படியே இருக்கும். வரவு மிகுந்தால் வளரும். செலவு மிகுந்தால் மெலியும். கடினமான பயிற்சி இரண்டையுமே கூட்டுகிறது. பயிற்சிக்குப் பின் போதிய உணவும் ஓய்வும் கிடைத்தால் வரவு முந்துகிறது. வெறும் வயிற்றோடும் விழித்த கண்களோடும் இருப்பவரிடம் அது முந்துவது அரிது.

இழைகளின் ஓரத்தில் சிறிய உயிரணுக்கள் ஒட்டிக் கிடப்பதை 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்பார் தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்பெருக்கியில் ஆராய்ந்தபோது கண்டார். தசை சிதைவுறும்போது இவை விழித்தெழுந்து பெருகி, பழுதான இழையோடு கலந்து அதனைச் செப்பனிடுகின்றன. பழக்கமில்லாத பயிற்சி செய்தபின் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோன்றும் வலி, இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவோடும் அதனைச் சீராக்கும் வேலையோடும் தொடர்புடையது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வந்த வலி என்று பலர் இன்றும் கூறுவது சரியன்று. பயிற்சியின்போது இரத்தத்தில் கூடும் லாக்டிக் அமிலம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது.

செப்பனிடும் வேலை எவ்வளவு நேரம் நீடிக்கும்? கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்டூகலும் அவருடைய துணைவரும் 1995இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு நல்ல விடை தருகிறது. பரிசோதனைக்கு வந்த இளைஞர்கள் ஒரு கையால் மட்டும் கடும் பயிற்சி செய்தனர். மறு கை ஒப்பீட்டுக்காக ஓய்வில் விடப்பட்டது. 4 மணி நேரத்திற்குப் பின் பயிற்சி பெற்ற கையில் புரத உற்பத்தி 50 சதவீதம் கூடியிருந்தது. 24 மணி நேரத்திற்குப் பின் அது 109 சதவீதம், அதாவது இரு மடங்கிற்கும் மேலாக உயர்ந்திருந்தது. 36 மணி நேரத்தில் 14 சதவீதமாகச் சுருங்கிற்று. ஆகவே இன்றிரவு தூக்கிய பளுவுக்கான கட்டட வேலை நாளை இரவு இதே நேரத்திலும் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். ஒரே தசைக்கு அன்றாடம் கடும் பயிற்சி தருவதைவிட, இரண்டு நாட்களுக்கு ஒருமுறை தருவது நலம் என்று பயிற்சி ஆசிரியர்கள் கூறுவதற்கு இதுவே அடிப்படை.

மூன்று வகைக் கடிகாரங்கள்

ஓய்வு என்ற ஒரே சொல்லால் வேறுபட்ட பல காரியங்கள் குறிக்கப்படுகின்றன. தசைக்குள் உடனடிச் சக்தியாக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் சில நிமிடங்களில் பெரும்பகுதி மீண்டும் நிரம்பிவிடும். சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து கரைந்துபோனால், நல்ல உணவு கிடைத்தாலும் அது முழுவதும் நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். புரதக் கட்டுமானத்திற்கோ ஒன்றரை நாள், இரண்டு நாள் வேண்டும்.

நிமிடக் கணக்கான ஓய்வும் அற்பமானதன்று என்பதற்கு மகாராஷ்டிரத்து மல்லர் காஷாபா தாதாசாகேப் ஜாதவின் வரலாறு சான்று. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜப்பானியரான ஷோஹாச்சி இஷியோடு கால்மணி நேரத்திற்கு மேல் போராடித் தோற்ற அவர், உடனேயே சோவியத் மல்லர் ரஷீத் மம்மத்பெயோவோடு பொருதுமாறு அழைக்கப்பட்டார். இரு போட்டிகளுக்கிடையே அரைமணி நேர ஓய்வு தரப்பட வேண்டும் என்பது விதி. அதனை எடுத்துச் சொல்ல இந்திய அதிகாரி ஒருவரும் அப்போது களத்தருகே இல்லை. ஓய்வின்றி இறங்கிய ஜாதவ் தோற்றார். அவருக்குக் கிடைத்தது வெண்கலப் பதக்கம். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அவர் வளர்ந்த மல்யுத்தக் களங்களில் விடியுமுன் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, உண்டு, பகலில் உறங்கி, மாலையில் மீண்டும் களம் இறங்குவது நெடுங்கால வழக்கம். பகலுறக்கம் சோம்பலின் அடையாளம் என்ற எண்ணம் மல்லர்களிடம் இருந்ததில்லை.

உறக்கம் செய்யும் உதவி

படுத்துக் கிடப்பதற்கும் உறங்குவதற்கும் வேறுபாடு உண்டு. உறக்கம் ஒரே சீரான நிலை அன்று. சுமார் 90 நிமிடங்கள் கொண்ட சுழல்களாக அது நடைபெறுகிறது. விழிகள் விரைந்து அசையும் கனவு நிலையை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தனர். தசையைப் பொறுத்தவரை அதனினும் முக்கியமானது, இரவின் முற்பகுதியில் மிகுதியாக வரும் ஆழ்ந்த உறக்கம். அந்நிலையில் மூளையின் மின்னலைகள் மெதுவாகவும் பெரிதாகவும் எழுகின்றன. கண்ணயர்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தில் பெருக்கெடுப்பதை 1968இல் தகஹாஷி, கிப்னிஸ் முதலியோர் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் அளந்து காட்டினர். உறங்கும் நேரம் தள்ளிப்போனால் இப்பெருக்கும் தள்ளிப்போயிற்று.

இதனை வைத்துக்கொண்டு, உறக்கத்தின் பயன் முழுவதும் வளர்ச்சி ஹார்மோனால் வருவது என்று சில பயிற்சிக் கூடங்களில் பேசப்படுவதுண்டு. அவ்வளவு எளிதான செய்தி அன்று இது. வளர்ந்தவர்களிடத்தில் அந்த ஹார்மோன் தசைநாண்களையும் இணைப்புத் திசுக்களையும் உறுதியாக்குவதில் காட்டும் வேகத்தைச் சுருங்கி விரியும் புரதத்தை வளர்ப்பதில் காட்டுவதில்லை. உறக்கத்தின் உதவி பல வழிகளில் வருகிறது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாமோன் முதலியோர் 13 இளம் ஆண்களையும் பெண்களையும் ஓர் இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்து மறுநாள் பரிசோதித்தனர். அவர்களுடைய தசையில் புரத உற்பத்தி 18 சதவீதம் குறைந்திருந்தது. திசுக்களைச் சிதைக்கத் தூண்டும் கார்ட்டிசால் 21 சதவீதம் கூடியிருந்தது. கட்டியெழுப்பத் தூண்டும் டெஸ்டோஸ்டிரோன் 24 சதவீதம் இறங்கியிருந்தது. 2021இல் இம்முடிவு வெளியாயிற்று. ஒரே இரவில் நேர்ந்த மாறுதல் இது என்பது கவனிக்கத்தக்கது.

முழு இரவும் விழிப்பது சிலருக்கே நேர்வது. உறக்கம் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைவதே பெரும்பாலோர் நிலை. 2010இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பரிசோதனை இதனை ஆராய்ந்தது. உடல் பருத்த 10 பேருக்கு அளவு குறைந்த உணவு தரப்பட்டது. அவர்கள் 14 நாட்கள் இரவில் எட்டரை மணி நேரமும், பிறிதொரு சமயம் 14 நாட்கள் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க விடப்பட்டனர். இரு தடவையும் எடை ஏறக்குறைய 3 கிலோ குறைந்தது. ஆனால் குறைந்தது எது என்பதில் பெரும் வித்தியாசம் இருந்தது. நன்கு உறங்கியபோது 1.4 கிலோ கொழுப்பு கரைந்தது. உறக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே கரைந்தது. எஞ்சிய இழப்பு தசை முதலான கொழுப்பல்லாத பகுதிகளிலிருந்து நேர்ந்தது, அது 1.5 கிலோவிலிருந்து 2.4 கிலோவாக உயர்ந்தது. தராசின் முள்ளை மட்டும் பார்த்திருந்தால் இவ்வித்தியாசம் தெரிந்திராது.

உறக்கம் குறைந்தவர் பயிற்சியைக் கைவிட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. மெல்போர்னில் நடந்து 2020இல் வெளியான வேறோர் ஆராய்ச்சியில், ஐந்து இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருந்த இளைஞர்களின் தசைப் புரத உற்பத்தி குறைந்தது. அதே உறக்கக் குறைவோடு விட்டுவிட்டுச் செய்யும் கடும் பயிற்சியையும் மேற்கொண்டவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. பயிற்சி ஓரளவு காப்பாற்றுகிறது என்று கொள்ளலாம்.

உணவைப் பற்றி ஒரு சொல் இங்கே தேவை. வளர்ந்தவர்க்கு எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது சுமார் 50 கிராம். பளுப்பயிற்சி செய்வோர்க்கு கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன் தரும் என்பது பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. அதில் ஒரு பகுதியை உறங்குமுன் உண்டால் இரவு முழுவதும் கட்டுமானத்திற்குப் பொருள் கிடைக்கிறது. விலையுயர்ந்த டப்பாத் தூள்கள்தாம் வேண்டும் என்பதில்லை. பாலும் பருப்பும் முட்டையும் மீனும் அதே அமினோ அமிலங்களையே தருகின்றன. பயிற்சிக்கு முன் சுறுசுறுப்புக்காக இரவு எட்டு மணிக்குக் குடிக்கும் காபியோ நிலைமையைக் கெடுக்கும். அதிலுள்ள காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது.

உறக்கம் அரிதான நகரம்

அறிவுரை எளிது, மும்பையில் அதனைப் பின்பற்ற இடம் வேண்டும். தாராவி இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழும் பகுதி. இருபுறமும் இரயில் பாதைகள். நள்ளிரவு கடந்து நிற்கும் புறநகர் வண்டிகள் விடியுமுன் நான்கு மணியளவில் மீண்டும் ஓடத் தொடங்குகின்றன. பட்டறைத் தொழிலாளர் பலர் வேலை செய்த இடத்திலேயே பாய் விரிக்கின்றனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழர் மிகுந்த பகுதிகளில், நகரமெங்கும் சைக்கிளில் விற்பனையாகும் இட்டிலி ஆயத்தமாகிறது. காலைக் கூட்டத்துக்கு முன் இட்டிலி வெந்திருக்க வேண்டுமாயின், ஊரடங்கிக் கிடக்கும் வேளையிலேயே அடுப்பு எரிந்தாக வேண்டும். அவ்வீடுகளில் நள்ளிரவுக்குச் சற்று முன் படுப்பவருக்கு எஞ்சுவது மூன்று, நான்கு மணி நேரமே.

வெப்பம் மற்றொரு தடை. உறக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். மும்பையில் மே மாதத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே சுமார் 27 பாகை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது. பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரையின் கீழ் நிலைமை இன்னும் கடுமை. ஓசைக்கு வரம்பு உண்டு: 2000ஆம் ஆண்டின் விதிகள் குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று எல்லை வகுத்தன. தையல் இயந்திரமும் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் சந்தில் அந்த எல்லையைக் காண்பது கடினம்.

செம்பூரில் சிக்கல் வேறு வகையானது. அதனையடுத்த டிராம்பே, மாகுல் பகுதிகளில் 1950களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அனல் மின் நிலையமும், 1960களில் உர ஆலையும் எழுந்தன. இவற்றின் இயந்திரங்கள் இரவிலும் நிற்பதில்லை. இரவுமுறை முடிந்து காலையில் வீடு திரும்புபவர் படுத்தாலும், உடலின் உட்கடிகாரம் அது விழிக்கும் நேரம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பகலில் உறங்குவோரின் உறக்கம் இரவுறக்கத்தைவிட ஒரு மணி நேரம் முதல் நான்கு மணி நேரம் வரை குறுகிவிடுவது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. வாரந்தோறும் முறை மாறினால் உடல் எதற்குமே பழகுவதில்லை.

ஓய்வுக்காக இந்நகரத்தில் நடந்த போராட்டம் பழமையானது. 1884இல் நாராயண மேகாஜி லோகாண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி, 5,500 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை ஆயத்தம் செய்தார். ஞாயிறுதோறும் முழு ஓய்வு, நண்பகலில் அரைமணி நேர இடைவேளை, காலை ஆறரை மணிக்குத் தொடங்கிச் சூரியன் மறையும்போது முடியும் வேலை ஆகியவை அதன் கோரிக்கைகளுள் சில. வார விடுமுறை 1890 ஜூன் 10ஆம் தேதி ஏற்கப்பட்டது. புரத உற்பத்தியின் வேகத்தை அளக்கும் கருவி தோன்றுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே, தங்கள் உடலுக்கு என்ன வேண்டும் என்பதை அத்தொழிலாளர் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தனர். பின்னர் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி நேர இடைவேளை என்று வரையறுத்தது. ஆயின் இயந்திர விசை உள்ள இடத்தில் 10 பேரும், இல்லாத இடத்தில் 20 பேரும் இருந்தாலே அச்சட்டம் செல்லும் என்பது அன்றைய வரம்பு. 1915இல் ஏற்பட்ட மாட்டுங்கா இரயில்வே பட்டறையின் தொழிலாளிக்குச் சங்கு ஊதி ஓய்வு கிடைத்தது. கூப்பிடு தூரத்தில் தாராவியில், ஐந்தாறு பேர் கொண்ட பட்டறையில் இருந்தவருக்கு அச்சங்கு அடுத்த வீட்டு ஓசை.

தாராவியையடுத்த சயானில் உள்ள மத்தியத் தொழிலாளர் நிலையத்தின் உடலியல் பிரிவு, இந்தியத் தொழிலாளி ஒரு நாளில் எவ்வளவு உழைக்க இயலும் என்பதை ஆராய்ந்தது. சாகா முதலியோர் 1979இல் வெளியிட்ட முடிவின்படி, ஒருவர் உட்கொள்ளக்கூடிய உச்ச அளவுப் பிராணவாயுவில் 35 சதவீதத்துக்கு மிகாத வேலையையே எட்டு மணி நேரம் தொடர்ந்து தாங்க முடியும். அப்போது நிமிடத்திற்குச் சுமார் 18 கிலோஜூல் சக்தி செலவாகும். நாடித்துடிப்பு 110 ஆக இருக்கும். மூட்டை தூக்குபவரின் நாடி இதனைக் கடந்து செல்லுமாயின், இடையிடையே ஓய்வு தந்தே சராசரியைக் கீழே கொண்டுவர வேண்டும். அவர் இரவில் பயிற்சிக் கூடத்திற்கும் செல்பவரானால், அங்கு செலவாவது ஏற்கெனவே குறைந்துபோன கையிருப்பு.

படுக்கையில் இருக்கும் நேரத்தைக் கூட்டினால் போதுமா? சென்னையில் நடந்து 2021இல் வெளியான ஆராய்ச்சி இதற்கு எதிர்பாராத விடை தந்தது. வருவாய் குறைந்த 452 பேர், மணிக்கட்டில் உறக்கம் அளக்கும் கருவி கட்டிக்கொண்டு, கணிப்பொறியில் தகவல் பதிக்கும் வேலை செய்தனர். இரவில் அவர்கள் படுக்கையில் கழித்தது சுமார் எட்டு மணி நேரம். உறங்கியதோ ஐந்தரை மணி நேரம். வெப்பம், ஓசை, கொசு, நெருக்கம் நிறைந்த சூழலில் ஓர் இரவில் 30 முறைக்கு மேல் விழிப்பு நேர்ந்தது. ஆலோசனையாலும் உதவிப் பொருள்களாலும் ஊக்கத்தொகையாலும் இரவுறக்கம் 27 நிமிடம் கூட்டப்பட்டது. வேலைத்திறனில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. ஆனால் வேலையிடத்திலேயே, அமைதியான அறையில், பிற்பகலில் அரைமணி நேரம் படுக்க வாய்ப்புப் பெற்றவர்களிடம் வேலைத்திறனும் கவனமும் மன நலமும் உயர்ந்தன. உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்ற பழமொழி ஆராய்ச்சிச் சாலைக்குள் வந்து சேர்ந்தது போலாயிற்று. அந்த ஆராய்ச்சி தசையை அளக்கவில்லை. எனினும் துண்டு துண்டாக உடைந்த உறக்கத்தை நேரத்தால் மட்டும் ஈடுகட்ட இயலாது என்பதை அது காட்டிற்று.

அதே ஆராய்ச்சியில் மற்றொரு கணக்கும் உண்டு. உறங்கியவர்களை, அந்த அரைமணி நேரம் சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் உறங்கியவர்களே மிகுதியாகச் சம்பாதித்தனர். அந்நேரத்திலும் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால் குறைவாகச் சம்பாதித்தனர். தாராவியின் தோற்பைப் பட்டறையில் கூலி, பையின் எண்ணிக்கைக்கே. பிற்பகல் இரண்டு மணிக்குத் தோல் கட்டின்மேல் தலைசாய்க்கும் இளைஞர் அந்த அரைமணி நேரத்தில் தைத்திருக்கக்கூடிய பைக்கு, அன்று மாலை கூலி கிடைப்பதில்லை.